மொய் நோட்டில் பத்து ரூபாய்க்கும் கணக்கு உண்டு... மகள் பங்குக்கு?

வாராவாரம்: பழைய கதை, இன்றைய வீடு

ஆனி பிறந்துவிட்டால் பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டிவிடும். ஆவணி வரைக்கும் ஊருக்கு ஊர் பந்தல், ஃபிளெக்ஸ், கிடாக்கறிச் சாப்பாடு. பக்கத்தில் கீரமங்கலம், வடகாடு வரை இதே பேச்சுதான். வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டைப் பார்த்து வியப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு முக்கியம் நோட்டு. யார் எவ்வளவு வைத்தார், அதில் பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவு என்று வரி வரியாக எழுதி வைப்பார்கள். அப்பா வாங்கிய மொய்யை மகன் திருப்பிச் செய்வார். நோட்டு தொலைந்தால் குடும்ப மானமே தொலைந்த மாதிரி.

இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைக்கும் ஊரில், ஒரே ஒரு கணக்கை மட்டும் யாரும் எழுதுவதில்லை. வீட்டு மகளுக்கு நிலத்தில் எவ்வளவு பங்கு என்ற கணக்கு.

இது பேராவூரணிக்கு மட்டுமான வழக்கம் இல்லை. டெல்டா முழுக்க, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடியும். உறவுகள் கிளம்புவதற்குள், "ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா" என்று மகளிடம் ஒரு பேச்சு வரும். அவரும் போட்டுவிட்டுப் போவார். சில வருடம் கழித்துத்தான் அது என்ன கையெழுத்து என்று தெரியும். அண்ணன் தங்கை பேச்சு நிற்கும். காதுகுத்துப் பத்திரிகை வராது.

இந்தச் சண்டை புதிது என்று நினைத்தால் தவறு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு மரபில், ஐந்து சகோதரிகள் இதே கேள்வியை ஊரைக் கூட்டி நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஐந்து பேர், ஒரு கேள்வி

யூதர்கள் தங்கள் வேதத்தின் முதல் ஐந்து நூல்களை 'தோரா' என்கிறார்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒரு பகுதியாக வருடம் முழுக்க ஜெபாலயத்தில் வாசிப்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயத்துக்குச் சுற்றுலா போனவர்கள் அந்தத் தோல் சுருள்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஜூலை மாத வாக்கில், நம் கணக்கில் ஆனி, ஆடியில், 'பின்காஸ்' என்ற பகுதி வரும். தமிழ் பைபிள் படிப்பவர்களுக்கு இது எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம்.

கதை இதுதான். எகிப்திலிருந்து கிளம்பிய மக்கள் வனாந்தரத்தில் அலைந்து, வாக்களிக்கப்பட்ட நிலத்தின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நிலத்தை யார் யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்று கணக்கெடுப்பு நடக்கிறது. கணக்கில் வருவது ஆண்கள் மட்டும். செலொப்பியாத் என்பவர் வழியிலேயே இறந்துவிட்டார். அவருக்கு மகன் இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து மகள்கள்.

அந்த ஐந்து பேரும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அழவில்லை. மோசே, ஆசாரியர், தலைவர்கள், மொத்தக் கூட்டம் எல்லோரும் இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றார்கள். எங்கள் அப்பா எந்தக் கலகத்திலும் சேரவில்லை. அவருக்கு மகன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் பெயர் வம்சத்திலிருந்து அழிய வேண்டுமா, எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்றார்கள்.

மோசே உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கடவுளிடம் கொண்டுபோகிறார். பதில் வருகிறது: இந்தப் பெண்கள் கேட்பது நியாயம். அதோடு பொதுச் சட்டமும் வருகிறது. ஒருவர் மகன் இல்லாமல் இறந்தால் சொத்து மகளுக்கு. மகளும் இல்லாவிட்டால்தான் இறந்தவரின் சகோதரர்களுக்கு.

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இதில் இருக்கின்றன. ஒன்று, அவர்கள் கேட்ட நேரம். நிலம் இன்னும் கைக்கு வரவில்லை; பங்கு பிரிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள். இரண்டு, கேட்ட இடம். எல்லோருக்கும் தெரியும்படி, சபை நடுவே.

"நிலம் வெளியே போயிடுமே!"

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் நீதிக்கதை. எண்ணாகமம் 36-ல் அடுத்த காட்சி வருகிறது. அதே வம்சத்தின் பெரிய மனிதர்கள் மோசேயிடம் வருகிறார்கள். அவர்கள் கவலை என்ன தெரியுமா? இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்துகொண்டால், நம் நிலம் அந்தக் கோத்திரத்துக்குப் போய்விடுமே!

நம் ஊர்த் திண்ணையில் கேட்கிற பேச்சேதான். "பொண்ணுக்குக் கொடுத்தா நிலம் அடுத்த ஊருக்காரன் கைக்குப் போயிடும்."

அந்தக் கவலைக்கும் ஒரு பதில் கிடைக்கிறது: அவர்கள் விரும்பியவரை மணக்கலாம், ஆனால் அப்பாவின் கோத்திரத்துக்குள்தான் மணக்க வேண்டும். ஐந்து பேரும் அப்பாவின் சகோதரர்களுடைய மகன்களை மணந்துகொண்டார்கள். நமக்கு அது அண்ணன் தம்பி முறை. கேட்கவே விநோதமாக இருக்கும். ஆனால் அத்தை மகன், மாமன் மகன் என்று நம் குடும்பங்கள் சொந்தத்துக்குள் முடிச்சுப் போட்டதற்குப் பின்னாலும் 'சொத்து வெளியே போகக் கூடாது' என்ற இதே கணக்கு இருந்ததை யாரும் மறுக்க மாட்டார்கள். பெண்ணுக்கு உரிமை கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. உரிமை வந்த கதை எல்லா ஊரிலும் இப்படித்தான், அரைப் படி அரைப் படியாக.

இன்னொன்றும் உண்டு. மோசே இறந்து, யோசுவா தலைவராகி, நிலம் நிஜமாகவே பங்கிடப்படும்போது, இந்தப் பெண்கள் மறுபடியும் போய் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது என்று நினைவூட்டிய பிறகுதான் பங்கு கிடைத்தது. தீர்ப்பு வாங்கினால் மட்டும் போதாது, அதை நிறைவேற்ற இன்னொரு முறை படி ஏற வேண்டும் என்பது கோர்ட்டுக்குப் போன எல்லோருக்கும் தெரிந்த கதைதானே!

அங்கே மகன் இருந்தால்?

மகனே இல்லாத வீட்டுக்குத்தான் அந்தப் பழைய சட்டம் வழி சொன்னது. மகன் இருந்தால் மகளுக்கு நிலத்தில் பங்கு இல்லை. ஆனாலும் அப்பாக்கள் அப்பாக்கள்தானே! இடைக்கால ஐரோப்பாவில் யூதக் குடும்பங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. மகளுக்குக் கல்யாணம் ஆகும்போதே, மகனுடைய பங்கில் பாதி அளவு அவளுக்குச் சேரும்படி ஒரு பத்திரம் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேதத்தின் வரியை மாற்ற முடியாது. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது பத்திரம் எழுதலாம் அல்லவா? இஸ்ரேலில் 1965-ல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மகன், மகள் இருவருக்கும் சமப் பங்கு என்றே சொல்லிவிட்டது.

நம்மிடம் நடந்தது என்ன?

இங்கே அந்தக் கேள்வி மேடை ஏறியது 1929 பிப்ரவரியில். செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின.

1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பாதி வழி வந்தது. அப்பா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் சமப் பங்கு. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே உரிமை மகன்களுக்கு மட்டும்.

1989-ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. 1989 மார்ச் 25 முதல், பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே உரிமை. ஆந்திரா நம்மைவிட முந்திக்கொண்டது; அங்கே 1980களின் நடுவிலேயே வந்துவிட்டது. ஆனால் நம் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்கு இது பொருந்தாது.

2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டது. கல்யாணம் எப்போது ஆனது என்பது கேள்வியே இல்லை. இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் நம் அத்தைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்து முடித்திருந்தால், அதைத் திரும்பக் கிளற முடியாது.

"அப்பா 2005-க்கு முன்னாடியே போயிட்டார், அதனால உனக்குப் பங்கு இல்லை" என்று பல வீடுகளில் சொன்னார்கள். 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. 'வாய்மொழியாகப் பாகம் பிரிச்சாச்சு' என்ற வாதத்தையும் லேசில் ஏற்கக் கூடாது, அரசு ஆவணங்களின் ஆதாரம் வேண்டும் என்றும் சொன்னது.

செலொப்பியாத் வீட்டுக் கதை, தமிழ்நாட்டில்!

அந்த ஐந்து சகோதரிகளின் கேள்வி அப்படியே ஒரு தமிழ்நாட்டு வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற வழக்கு. ஒருவர் தன் சொந்த முயற்சியில் ஏலத்தில் நிலம் வாங்கியிருந்தார். 1949-ல், அதாவது 1956 சட்டம் வருவதற்கு முன்பே, உயில் எழுதாமல் இறந்தார். மகன் இல்லை, ஒரே மகள். அந்த நிலம் மகளுக்கா, இறந்தவரின் சகோதரர் மகனுக்கா?

அந்த மகளும் 1967-ல் பிள்ளை இல்லாமல் இறந்துவிட்டார். சொத்து அவருடையதுதான் என்றால், அவருக்குப் பிறகு அது அப்பா வழி வாரிசுகளுக்கு வரும்; சித்தப்பா, பெரியப்பா வழிப் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு. இல்லையென்றால் ஆண் வழிக்கு மட்டும். கீழ்க் கோர்ட்டும் சென்னை உயர் நீதிமன்றமும் பெண்கள் தரப்பை ஏற்கவில்லை. 2022 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1956-க்கு முந்தைய பழைய இந்து முறைப்படியே பார்த்தாலும், அப்பாவின் தனிச் சொத்து சகோதரர் மகனைவிட மகளுக்கே முதலில் போகும் என்று பழைய சாஸ்திர நூல்களையும் தீர்ப்புகளையும் எடுத்துக் காட்டியது.

'அந்தக் காலத்துல பொண்ணுக்கு ஏது சொத்து?' என்ற பேச்சு எவ்வளவு பலவீனமானது என்று இந்தத் தீர்ப்பைப் படித்தால் புரியும். அந்தக் காலத்திலும் இருந்தது. கொடுக்காமல் விட்டது நாம்தான்.

மதம் மாறினாலும் சண்டை மாறுவதில்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவப் பெண்களுக்கு 1916-ல் போட்ட சட்டப்படி மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். அண்ணன் தம்பி வீட்டைவிட்டு வெளியேறச் சொன்ன கோபத்தில் கோர்ட்டுக்குப் போனவர் மேரி ராய், எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா. அந்த வீடு இருந்தது நம் ஊட்டியில். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கேரளாவின் சிரியன் கிறிஸ்தவ மகள்கள் எல்லோருக்கும் சமப் பங்கு கிடைத்தது அந்த ஒருவர் நடந்த நடையால்.

ஒரு வேலி நிலம், நாலு பேர்

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒரு வேலி என்பது 20 மா. ஏக்கரில் சொன்னால் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே. அப்பா போன வருடம் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

அந்த நிலம் அப்பா தானே சம்பாதித்து வாங்கியது என்றால் கணக்கு சுலபம். அம்மா, மூத்தவர், இளையவர், மகள் ஆக நாலு பேர். ஆளுக்கு 5 மா.

பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. முதலில் அப்பா, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பங்கு. ஆளுக்கு 5 மா. அப்பாவின் 5 மா மறுபடியும் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். தலைக்கு ஒன்றேகால் மா. ஆக மகளுக்கு ஆறேகால் மா, மகன்களுக்கும் அதே ஆறேகால். அம்மாவுக்கு ஒன்றேகால் மா மட்டும். பூர்வீகச் சொத்தில் அம்மாக்கள் எவ்வளவு கீழே நிற்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கு காட்டிக் கொடுக்கிறது; பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டிய விஷயம்.

எது பூர்வீகம் என்பதில்தான் குழப்பம் அதிகம். தாத்தா பெயரில் இருந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா எப்போது இறந்தார், எப்படிச் சம்பாதித்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். பழைய பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

இந்தக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில் உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் சமம். இஸ்லாமியர்களில் மகளுக்கு மகன் பங்கில் பாதி; அதைக் குறைக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது.

நகையும் சீரும் கழியுமா?

"கல்யாணத்துக்கு நகை போட்டோம், தலைதீபாவளிக்குச் செஞ்சோம், வருஷா வருஷம் ஆடிச்சீர் வைக்கிறோம். இன்னும் என்ன பங்கு?" வீட்டில் கேட்கிற இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் பதில் சுருக்கமானது: கல்யாணச் செலவும் சீரும் சொத்துப் பங்கு ஆகாது. மகனின் கல்யாணத்துக்கும் படிப்புக்கும் அப்பா செலவழித்ததை யாரும் கழிப்பதில்லையே?

ஆனால் அண்ணன் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரிலேயே இருந்து, கல்லணைக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று காத்திருந்து வெள்ளாமை பார்த்தவர் அவர். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்பைச் சாய்த்தபோது மரத்தை அறுத்து அகற்றி, கன்று வைத்து, தண்ணீர் ஊற்றியவர் அவர். படுக்கையில் கிடந்த அப்பாவுக்குத் துணி மாற்றியது அவரும் அவர் மனைவியும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து வருகிற தங்கை சமப் பங்கு கேட்டால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

அந்த வலிக்கு வழி இருக்கிறது. அப்பா தன் சொந்தச் சொத்தை உழைத்த மகனுக்குக் கூடுதலாக உயில் எழுதலாம், செட்டில்மென்ட் செய்யலாம். தங்கை முழு விவரம் தெரிந்து, "அண்ணன்தானே பார்த்துக்கிட்டார், எனக்கு ரெண்டு மா போதும்" என்று விட்டுக் கொடுக்கலாம். பணமாக வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டுவிடலாம். இவை எல்லாமே நியாயம்தான். கணக்கைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது மட்டும் நியாயம் இல்லை. விட்டுக் கொடுப்பதற்கும் ஏமாந்து போவதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு கணக்குதான்.

பெண்கள் ஏன் கேட்பதில்லை?

சட்டம் தெரியாததால் மட்டும் இல்லை. தெரிந்தே கேட்காதவர்கள்தான் அதிகம் பேசப்படாதவர்கள். மகளுக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். மகன் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை எடுத்து வர வேண்டும். புகுந்த வீட்டில் ஒரு பிரச்னை என்றால் வந்து நிற்க ஓர் அண்ணன் வேண்டும். ஆறேகால் மா நிலத்துக்காக அந்த உறவை இழக்கலாமா என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதற்கு எந்தக் கோர்ட்டும் விலை போட முடியாது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பங்கு கேட்டதால்தான் உறவு முறிகிறது என்று ஊர் சொல்கிறது. பல வீடுகளில் முறிவது கேட்டதால் இல்லை, மறைத்ததால். தங்கை கேட்கவே இல்லை, ஆனாலும் பத்து வருடம் கழித்துப் பத்திர நகலைப் பார்த்து மனசு உடைந்து போகிறாள். செலொப்பியாத்தின் மகள்கள் சபை நடுவே கேட்டார்கள். யாரும் யாரையும் ஏமாற்றியதாக அந்தக் கதையில் ஒரு வரி கூட இல்லை. முன்கூட்டியே, எல்லோர் எதிரிலும் கேட்டதால் அது வழக்காக இருந்தது, பகையாக மாறவில்லை.

கையெழுத்துக்கு முன்...

'வாரிசுச் சான்றுக்குத்தான்' என்று சொன்னாலும் பத்திரத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தலைப்பைப் பாருங்கள். விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கை விட்டுக் கொடுக்கிறீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கு எந்த சர்வே எண்ணில், எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் என்றால் உங்கள் சார்பில் இன்னொருவர் விற்கவும் முடியலாம்.

பதிவு செய்யும்போது, எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா என்று சார்பதிவாளர் கேட்பார். அதுதான் கடைசி வாசல். அங்கே ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். ஏமாற்றி வாங்கப்பட்டது என்றால், உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட வேண்டும்.

கையில் இருக்கும் போனிலேயே பாதி வேலை முடியும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். அந்த சர்வே எண்ணில் யார் யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பட்டா, சிட்டாவும் இணையத்தில் கிடைக்கும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் கொடுக்கும். கல்யாணமான மகள் பெயரும் அதில் இருந்தே ஆக வேண்டும்.

பேச்சுவார்த்தை முறிந்தால் உடனே பெரிய வழக்குதான் என்று இல்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வட்ட அளவிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அண்ணன் தங்கை எதிரெதிர் கூண்டில் நிற்காமல் ஒரே மேசையில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம்.

அண்ணன்களுக்கும் லாபம்தான்

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அதனால் நஷ்டப்படுவது நிலத்தில் வேலை செய்கிற மகன்கள்தான். வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கப் போனாலும் ஆவணம் கேட்பார்கள். தோப்பை அடமானம் வைக்கவோ விற்கவோ போனால், வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, "பெண் வாரிசுகள் கையெழுத்து எங்கே?" என்பதுதான். தங்கையை ஒதுக்கி எழுதிய பத்திரம் மகன் தலைமுறையில் வந்து கழுத்தைப் பிடிக்கும். முறையாகப் பிரித்துப் பதிந்துகொண்டால் அவரவர் பங்கு அவரவருக்கு நிம்மதியாக இருக்கும்.

அதனால் இந்தப் பேச்சை ஆரம்பிக்க வேண்டியவர் மகள் இல்லை; அப்பாவும் அம்மாவும்தான். இருவரும் நடமாட்டத்தோடு இருக்கும்போது, பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வரும் ஒரு நாளில், மருமகன் மருமகளையும் உட்கார வைத்து, இவ்வளவு நிலம், இவ்வளவு கடன், இன்னாருக்கு இன்ன பங்கு, இவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது இன்ன காரணத்துக்காக என்று சொல்லி எழுதிப் பதிந்துவிட்டால் போதும். அன்றைக்கு இரண்டு பேர் முகம் வாடலாம். நாலு பேச்சு வரலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அப்பா எதிரில் இருப்பார். பதினாறாம் நாள் கேட்டால், பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார்.